ஆர்வியில் முழுநேரக் குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆர்வியிலேயே, அதாவது படுக்கை, சமையலறை, கழிவறையோடு வரும் வண்டிவீட்டிலேயே, வருடம் முழுக்கக் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். நானும் என் கணவரும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. எங்களுடையது 30 அடி ட்ரெய்லர். பிக்கப் வண்டி இழுக்கிறது. தமிழ் நண்பர்கள் எங்கே பார்த்தாலும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

இவ்வளவு சின்ன இடத்தில் நம் வீடு என்ற உணர்வு வருமா?

வரும். ஆனால் குஷன், சீரியல் விளக்கு, செயற்கைக் கொடி என்று வாங்கிக் குவித்து வராது. ஆர்வியை அழகுபடுத்துவது பற்றிய படங்களைப் பார்த்தால் மேசை மேல் பூச்சாடி இருக்கும், அலமாரியில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருக்கும். அந்த வண்டி நகர்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போதெல்லாம் கழற்றி, சுற்றி, பெட்டியில் வைக்க வேண்டிய பொருள் நாலைந்து இடமாற்றத்துக்குப் பிறகு பெட்டியிலேயே தங்கிவிடும். வண்டி ஓடும்போதும் தன் இடத்தைவிட்டு அசையாமல் இருக்கும் பொருள்தான் இங்கே வீட்டுப் பொருள். எதை வாங்கும் முன்னும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இது எங்கே இருக்கும்?

எங்கள் அஞ்சறைப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில், அதன் வட்டத்துக்கு அளவெடுத்து, ஒரு அங்குல உயரத்துக்கு மர விளிம்பு ஒட்டியிருக்கிறோம். பெட்டி அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். மூடிக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் மடித்த சமையலறைத் துண்டு ஒன்று. மலைப்பாதையில் இறங்கினாலும் சீரகமும் கடுகும் கலப்பதில்லை. போய்ச் சேர்ந்ததும் துண்டை உருவினால் சமையலறை தயார். இப்படிப் பத்துப் பொருளுக்கு இடம் அமைந்துவிட்டால் போதும், புது ஊரிலும் இரவில் விளக்கைப் போடாமலே டம்ளரை எடுக்கலாம்.

எந்த வகை வண்டி நல்லது?

அடிக்கடி இடம் மாறுபவர்களுக்கு மோட்டார்ஹோம், அதாவது தானே ஓடும் வண்டிவீடு, வசதி. ஓரிடத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு ட்ரெய்லர் அல்லது ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் பெரிய ட்ரெய்லர்). வீட்டை நிறுத்திவிட்டு இழுத்துவந்த வண்டியில் கடைக்குப் போய்வரலாம். குடித்தனத்துக்கு ஃபிஃப்த் வீல்தான் விசாலம், உள்கூரை உயரம் அதிகம். வேனில் முழுநேரம் இருப்பவர்களும் உண்டு. சாம்பார் வைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

சுவரில் ஆணி அடிக்கலாமா? பெயிண்ட் அடிக்கலாமா?

ஆணி வேண்டாம். பெரும்பாலான ஆர்விகளில் உள்சுவர் என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. அதன் மேல் வினைல் தாள் ஒட்டியிருப்பார்கள். பின்னால் நுரைப்பலகை, இடையிடையே அலுமினியம் அல்லது மரச்சட்டம். வெறும் பலகையில் அடித்த ஆணி கொஞ்ச தூரம் ஓடியதும் ஆடும். கனமான எதையும் சட்டம் இருக்கும் இடம் பார்த்துக் குட்டைத் திருகாணியில்தான் மாட்ட வேண்டும். நீளத் திருகாணி உள்ளே போகும் ஒயரையோ தண்ணீர்க் குழாயையோ துளைத்துவிடும்.

இலேசான படங்களுக்கு ஒட்டும் பட்டை போதும். படத்தின் கீழ் ஓரத்திலும் ஒன்று ஒட்டினால் சுவரில் தட்டி ஓசை எழாது. கோடையில் பூட்டிய வண்டிக்குள் சூடேறினால் பசை தளரும், அதை மனதில் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள். எங்கள் கல்யாணப் போட்டோவைத் துணியில் அச்சடித்துக் கட்டில் தலைமாட்டில் இழுத்து ஒட்டியிருக்கிறோம், எடையே இல்லை.

பெயிண்ட் தாராளமாக அடிக்கலாம், எல்லா மாற்றத்திலும் செலவு குறைந்து பலன் அதிகம் இதில்தான். பல வண்டிகள் உள்ளே காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். வெளிர் நிறம் அடித்தாலே இடம் பெருத்த மாதிரி தெரியும். வினைல் மேல் நேரடியாக அடித்தால் உரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பளபளப்பை எடுத்து, ஒட்டும் வகை பிரைமர் ஒரு கோட் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய கோட்டாக இரண்டு. அவசரப்பட்டால் அலமாரிக் கதவு ஓரத்தில் முதலில் உரியும்.

சோபாவையும் மேசையையும் எடுத்துவிட்டு நமக்குப் பிடித்ததைப் போடலாமா?

போடலாம். கூடவே வரும் சோபாவும், டைனெட் என்று சொல்லும் எதிரெதிர் பெஞ்சு மேசையும் நாள் முழுக்க உட்கார ஏற்றவை அல்ல. மாற்றும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலில் வாசல் அகலம். எதை வாங்கினாலும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மோட்டார்ஹோமில் டைனெட்டில் சீட் பெல்ட் இருந்தால், ஓடும்போது பிள்ளைகள் உட்காரும் இடம் அதுதான்; அதைக் கழற்றாதீர்கள். கடைசியாக ஸ்லைடு, அதாவது நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே தள்ளும் பகுதி. அது உள்ளே வரும்போது புது நாற்காலி வழியில் நிற்குமா என்று ஸ்லைடை மூடி அளந்து பார்க்க வேண்டும். தரைக்குப் புதிதாகத் தடித்த வினைல் பலகை போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடு தரையை உரசிக்கொண்டு நகரும். கொஞ்சம் உயர்ந்தாலும் பலகை நொறுங்கும்.

புது மேசையோ நாற்காலியோ ஓடும்போது பட்டை போட்டுக் கட்டப்பட வேண்டும்.

எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

இடம் இருக்கிறதே என்று அடுக்கினால் டயர் பதில் சொல்லும். ஆர்வியின் உட்புறக் கதவருகே, எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று பவுண்டுக் கணக்கில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விற்பவர் வரைபடத்தையும் டிவியையும் காட்டுவார், இந்த ஸ்டிக்கரைக் காட்ட மாட்டார். நீங்களே போய்ப் படியுங்கள். பெரிய வண்டியாக இருந்து சுமை அளவு ஆயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில் மட்டும் என்றால் அது வார இறுதி வண்டி, குடித்தனத்துக்கு ஆகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் அப்போதே போச்சு. அப்புறம் அரிசி மூட்டை, இரும்புத் தோசைக்கல், குக்கர், கிரைண்டர், புத்தகம், துணிமணி, கருவிப்பெட்டி.

லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒருமுறை அங்கே ஏறி, எந்த அச்சில் எவ்வளவு எடை என்று சீட்டு வாங்கிவிடுங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் விழ வேண்டும். கனமானதை எல்லாம் பின்கோடியில் வைத்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலை ஆட்டும். அது பயங்கரம். எங்கள் கிரைண்டரும் அரிசியும் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாகத்தான் பயணம் செய்கின்றன.

படுக்கை எப்படி?

ஆர்வி குயீன் என்று வருவது பெரும்பாலும் 60க்கு 75 அங்குலம். வீட்டு குயீன் 60க்கு 80. அந்த 5 அங்குலம் உயரமானவர்களுக்குக் காலில் தெரியும். கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருந்தால் முழு அளவு மெத்தையே வாங்கிப் போடலாம். வண்டியோடு வரும் மெத்தையை முதல் வாரமே மாற்றிவிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி வேண்டும். ஏன் என்பதை ஈரம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நம் சமையல் சரிவருமா? தாளித்தால் வண்டி முழுக்க நாற்றம் அடிக்காதா?

அடிக்கும். சமைத்த வாசனை போக வேறு அறை கிடையாது. திரைச்சீலை, மெத்தை, நாளைக்குப் போடும் சட்டை எல்லாம் ஒரே அறைதான். புகை எச்சரிக்கைக் கருவியும் அடுப்பிலிருந்து நாலடி தள்ளித்தான் இருக்கும். மிளகாய் வற்றல் கருகும் முன்பே அது கத்தும்.

நாங்கள் கண்ட வழி, தாளிப்பையும் பொரிப்பதையும் வெளியே வைத்துக்கொள்வது. வாசல் பக்கம் ஒரு மடக்கு மேசை, அதன் மேல் சின்ன கேஸ் அடுப்பு. குழம்பு உள்ளே கொதிக்கும், தாளித்த கரண்டி வெளியிலிருந்து வரும். மழை நாளில் கூரை விசிறியை வெளியே இழுக்கும்படி வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுகிறோம். ஜன்னல் திறக்காமல் விசிறியை மட்டும் போட்டால் காற்று எங்கிருந்து வரும்? பல வண்டிகளில் அடுப்புக்கு மேலே உள்ள புகைப்போக்கி காற்றைச் சுற்றி உள்ளேயே விடும். உங்களுடையது வெளியே விடுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இட்லி மாவு இன்னொரு கேள்வி. கிரைண்டர் 110 வோல்ட்டில் ஓடுவதாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டர் ஆகாது. நல்லவேளை, கிரைண்டர் அதிக மின்சாரம் இழுக்காது. மாவு பொங்குவதுதான் சிரமம். வெளியே உறைபனி என்றால் வண்டிக்குள் ராத்திரி குளிரும், மாவு அப்படியே உட்கார்ந்திருக்கும். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கரில் யோகர்ட் பொத்தானைக் குறைந்த வெப்பத்தில் வைத்தால் எந்தக் குளிரிலும் பொங்கும். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசோனா பாலைவனத்தில் கோடையென்றால் எதிர்ப்பிரச்சினை. சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

கறிவேப்பிலைச் செடியைக் கூட எடுத்துப்போகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. எலுமிச்சை வகையைத் தாக்கும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால் கலிபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. கலிபோர்னியா எல்லையில் வேளாண் சோதனைச்சாவடியே இருக்கிறது. கொத்தமல்லியோடு திருப்தி அடையுங்கள்.

ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, மெத்தைக்கு அடியில் பூஞ்சை. என்ன செய்வது?

ஆர்வி குடித்தனத்தில் நிஜமான எதிரி இதுதான், இடப்பற்றாக்குறை இல்லை. மூச்சு, வியர்வை, குளியல், சாதம் கொதிப்பது எல்லாமே ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியிலும் அலுமினியச் சட்டத்திலும் தண்ணீராகப் படியும். பலர் யோசிக்காத ஒன்று உண்டு: ஆர்வி அடுப்பில் எரியும் கேஸான ப்ரோபேன் எரிந்தாலே தண்ணீர் பிறக்கும். ஒரு பவுண்டு ப்ரோபேன் எரிந்தால் ஒன்றரைப் பவுண்டுக்கும் மேல் நீராவி. வண்டியில் பொருத்திவரும் ஃபர்னஸ் என்ற கேஸ் சூடேற்றி தன் புகையை வெளியே விட்டுவிடும். அடுப்பும், கையில் தூக்கிவைக்கும் கேஸ் ஹீட்டரும் உள்ளேயே விடும். குளிருகிறதென்று அடுப்பை எரியவிட்டு உட்காருவது ஈரத்துக்கும் கேடு. கார்பன் மோனாக்சைடால் உயிருக்கும் ஆபத்து.

காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையர், கம்ப்ரெசர் வைத்த சின்னது ஒன்று வாங்குங்கள். உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு மலிவான அளவுக்கருவி சுவரில் இருக்கட்டும். உப்புப் போல விற்கும் ஈர உறிஞ்சிப் பொட்டலம் அலமாரிக்கு மட்டும்தான் காணும். மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் அல்லது காற்றோடும் விரிப்பு போடுங்கள்: மேலே உடல் சூடு, கீழே குளிர்ந்த பலகை, நடுவில் ஈரம் தேங்கும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் துணியைத் திணித்து வைக்கக் கூடாது. குளித்ததும் விசிறி பத்து நிமிடமாவது ஓட வேண்டும், குளிராக இருந்தாலும்.

அப்புறம் கூரை. ஆறு மாதத்துக்கொரு முறை மேலே ஏறி, விசிறி, குழாய் வெளிவரும் இடங்களில் பூசிய பசையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே எவ்வளவு அழகு செய்தாலும் கூரை ஒழுகினால் சுவர் உளுத்துப்போகும்.

கரண்ட் போதுமா?

ஆர்விகள் தங்கும் கேம்ப்கிரவுண்டில் தரும் மின்இணைப்பு 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். 50 ஆம்ப் என்றால் 12,000 வாட்; பெயரைப் பார்த்து ஒன்றரை மடங்கு என்று நினைக்காதீர்கள், அதில் இரண்டு கம்பிகள் மின்சாரம் தரும். 30 ஆம்ப்பில் ஏசி ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும், இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. இரண்டும் ஓடும்போது தண்ணீர் ஹீட்டரும் மின்சாரத்தில் இருந்தால் பிரேக்கர் விழும். எங்கள் வீட்டில் காலையில் "ஹீட்டரை அணைச்சியா?" என்பதுதான் முதல் பேச்சு.

இணைப்பில்லாத இடங்களுக்கு சோலாரும் லித்தியம் பேட்டரியும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, அதனால் பேட்டரி வண்டிக்குள் இருப்பது நல்லது.

கழிவறை விஷயம்?

மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், குளியல் மற்றும் சிங்க் தண்ணீருக்குக் கிரே, கழிவறைக்கு பிளாக். கேம்ப்கிரவுண்டில் கழிவுக்குழாய் இணைத்திருந்தாலும் பிளாக் வால்வை மூடியே வையுங்கள். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் ஓடி, கெட்டிப்பகுதி கோபுரமாகக் காய்ந்து நிற்கும். நிரம்பும் நேரம் திறந்துவிட்டு, பிறகு கிரே தொட்டியைத் திறந்தால் குழாய் அலம்பிவிடும். நம் பழக்கத்துக்கு வேண்டிய கைத்தெளிப்பான் பல ஆர்வி கழிவறைகளில் ஏற்கெனவே உண்டு. தொட்டி சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.

ஊர்க்குழாயில் இணைக்கும் முன் அழுத்தம் குறைக்கும் கருவி அவசியம். 40 முதல் 60 பிஎஸ்ஐ போதும்.

பூஜை, விளக்கு, கோலம்?

சாமி படங்களை ஓர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். கதவைத் திறந்தால் பூஜையறை, மூடினால் பயணம். எண்ணெய் விளக்கு ஏற்றினால் கூரையில் கரி படிவது சீக்கிரம் தெரியும், அதனால் விசேஷ நாளில் மட்டும், வாசலுக்கு வெளியே.

சிமெண்ட் தரை இருந்தால் கோலம் போடலாம். ஆனால் சாக்பீஸில். அரிசி மாவு எறும்பை அழைத்துவரும், அது படி ஏறி உள்ளேயும் வரும். கரடி உள்ள இடங்களில் தின்னும் பொருள் எதையும் வெளியே விடவே கூடாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் கரடிக்குப் பயந்துதான் கூடாரத்தை அனுமதிப்பதில்லை, கெட்டியான சுவருள்ள வண்டி மட்டும்.

இருவருக்கும் தனியாக இருக்க இடம்?

கதவு உள்ள படுக்கையறை கட்டாயம். திரைச்சீலை போதும் என்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை இல்லை என்று அர்த்தம். காதில் ஒலி அடைக்கும் ஹெட்ஃபோன், வெளியே ஆளுக்கொரு நாற்காலி. மழை வாரத்தில் நூலகத்துக்குப் போய்விடுவோம்.

குளிர்காலத்தில் எங்கே போவது?

பறவைகள் போகும் பக்கம், தெற்கே. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பிரபலம். அதையொட்டி மத்திய அரசு நில நிர்வாகத்தின் லா போசா நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அனுமதிச்சீட்டு நெடுங்காலம் 180 டாலராக இருந்தது. கிளம்பும் முன் அப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கழிவுத் தொட்டி காலி செய்யும் இடமும் உண்டு, கரண்ட் கிடையாது. இவ்வளவு நாள் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் விரிப்பு, செடிச்சட்டி, நாற்காலி என்று வாசல் ஒரு திண்ணையாகிறது.

நிரந்தர முகவரி இல்லாமல் லைசென்ஸ், வங்கி எல்லாம்?

பெரும்பாலானவர்கள் டெக்ஸாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா மூன்றில் ஒன்றைத் தங்கள் மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி சங்கம் டெக்ஸாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் தபால் முகவரி தந்து, கடிதங்களை நீங்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறது. வேறு மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த மாநிலம் வரி கேட்கலாம்.

எச்1பி விசாவில் இருந்துகொண்டு இப்படிச் சுற்றலாமா?

தமிழர்கள் அதிகம் கேட்பது இது. சுற்றுலா போகலாம், சுற்றிக்கொண்டே வேலை பார்ப்பது சிக்கல். எச்1பி, வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. அந்த நகர்ப்பகுதியைத் தாண்டி வேலை செய்யும் இடம் மாறினால் நிறுவனம் பொதுவாகத் திருத்திய மனு போட வேண்டும். வீட்டு முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவம் அனுப்புவதும் கடமை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். அதே ஊர் ஆர்வி பார்க்கில் மாத வாடகைக்கு இருந்துகொண்டு அலுவலகம் போவது வேறு கதை, சிலர் செய்கிறார்கள். எதற்கும் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.

காப்பீடு, வாரண்டி?

முழுநேரம் குடியிருப்போருக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது, அதையே எடுங்கள். வார இறுதிக்கான பாலிசி உள்ளே உள்ள உடைமைகளுக்குச் சரியாக ஈடுகட்டாது. சில உற்பத்தியாளர்கள் முழுநேரக் குடித்தனம் என்று தெரிந்தால் வாரண்டி கிடையாது என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

வாங்கும் முன் பழகிப்பார்க்க வழி?

வாடகைக்கு எடுங்கள், ஆனால் ஜூன் மாதம் வேண்டாம். ஜனவரியிலோ விடாமல் மழை பெய்யும் வாரத்திலோ எடுத்து, ஊரைச் சுற்றாமல் உள்ளேயே இருங்கள். மூன்று வேளையும் சமையுங்கள், அலுவலக வேலை பாருங்கள், துணி உலர்த்துங்கள், நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் கட்டிவைத்து இடம் மாறுங்கள். வார முடிவில் எதெல்லாம் கையை இடித்தது, எது எட்டவில்லை என்று இருவரும் தனித்தனியாக எழுதி, அந்தப் பட்டியலோடு கடைக்குப் போங்கள்.